யாஷிகா மேட் 124ஜி: ஒளிமானி முள்ளை எழுப்பிய வேலை

மேல்மூடியைத் திறந்தால், வெளிச்சத்தை அளந்து முள்ளால் காட்டும் ஒளிமானி தானாக உயிர்பெற வேண்டும். இந்தக் கேமராவில் அதற்கென்று தனி ஸ்விட்ச் கிடையாது. திறந்தேன். சன்னல் பக்கம் திருப்பினேன், டியூப்லைட் பக்கம் திருப்பினேன். முள் ஓரத்தில் படுத்தே கிடந்தது. கேமராவைச் சாய்த்தபோது மட்டும் லேசாக ஆடியது. அந்த ஆட்டம் போதும், வேலையைத் தொடங்கலாம் என்று பட்டது. சாய்க்கும்போது ஆடுகிற முள்ளுக்கு அச்சு இறுகவில்லை என்று அர்த்தம். மின்சாரம்தான் வந்து சேரவில்லை.

யாஷிகா மேட் 124ஜி, 1970 முதல் 1986 வரை வெளிவந்த இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. 120 ஃபிலிமில் சதுரமாக 12 படம் விழும். இது எனக்கு மாமாவிடமிருந்து வந்தது. கும்பகோணத்துக்குக் கிழக்கே சின்ன ஊர் ஒன்றில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் இதில்தான் எடுத்தார். கலர் வந்து, டிஜிட்டல் வந்து, ஸ்டூடியோவும் போய், கேமரா பீரோவில் தங்கிவிட்டது.

ஒளிமானி வேலை செய்யவில்லை என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு. "அந்த முள்ள நான் என்னைக்கு மாப்ளே பாத்தேன்? வெயில்னா நூத்தி இருவத்தஞ்சுல பதினொண்ணு. நிழல்னா அஞ்சு புள்ளி ஆறு. முள்ளப் பாத்துக்கிட்டு நின்னா அவன் தாலி கட்டி முடிச்சிருவான்."

அவர் சொல்வது சரியான கணக்குதான். 100 வேக ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் 1/125 நொடி, துளையளவு எஃப் 16 என்பது உலகம் முழுக்க உள்ள பழைய சூத்திரம். முகத்தில் நிழல் கறுத்துவிடாமல் இருக்க அவர் ஒரு படி, அதாவது இரு மடங்கு வெளிச்சம் விழும்படி, திறந்து 11 வைத்துக்கொண்டார். நம் ஊர் அட்சரேகைக்குச் சித்திரை மாத உச்சிவெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும், கண்குழியெல்லாம் கறுப்பாக விழும். அனுபவத்தில் பிடித்த திருத்தம் அது.

எனக்கு வேண்டியது கல்யாணப் படம் இல்லை. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் ராஜகம்பீரன் திருமண்டபத்தில், தூண்களுக்கு இடையில் எடுக்க வேண்டும். ஒரு தூணில் வெயில், அடுத்த தூணில் ஐந்தாறு படி இருட்டு. அங்கே கண் ஏமாற்றும். கண்ணின் பாவை விரிந்து சுருங்கிச் சமாளித்துவிடுகிறது, ஃபிலிமுக்கு அந்த வசதி இல்லை. அதனால் முள் வேண்டும்.

இந்தக் கேமராவில் இரண்டு முள். ஒன்று வெளிச்சத்துக்கு ஏற்ப நகரும். மற்றது முன்பக்கச் சக்கரங்களைத் திருப்பும்போது நகரும், அதாவது ஷட்டர் வேகமும் துளையளவும் சேர்ந்து நகர்த்துவது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்தால் அளவு சரி. இரண்டாவது முள் முழுக்க இயந்திரம், அது நன்றாகவே ஓடிற்று. செத்துக் கிடந்தது முதல் முள்.

இதை நான் கடைமடை வயலாகத்தான் பார்த்தேன். அங்கே தண்ணீர் வரவில்லை என்றால் வயலைத் தோண்டிப் பயனில்லை, தலைப்பிலிருந்து மதகு மதகாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பேட்டரி, அது உட்காரும் குழியின் தொடுப்பு, அங்கிருந்து மேலே போகும் வயர், மூடியைத் திறந்தால் ஒட்டும் தகடு, முகப்பில் உள்ள ஒளியுணரி, கடைசியாக முள்ளை அசைக்கும் சுருள். பழைய கேமரா பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே "செல் போச்சு, உணரி போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கடலோர ஈரக்காற்று வீசும் நம் பக்கத்தில் முதலில் போவது தொடுப்பும் வயரும்தான்.

பேட்டரிக் குழி இடது பக்கத்தில் இருக்கிறது. மூடியை ஒற்றை ரூபாய் நாணயத்தால் திருப்ப வேண்டும். திரும்பவில்லை. விளிம்பைச் சுற்றி வினிகர் ஒரு சொட்டு விட்டு, பொறுத்திருந்து, மறுபடி திருப்பியதும் வெள்ளைப் பொடி உதிர்ந்து கழன்றது. உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி, எழுத்தெல்லாம் அழிந்து, குழியோடு ஒட்டிக்கொண்டு. இந்தக் கேமரா பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது என்பதால் அதையும் பாதரசம் என்றே வைத்துக்கொண்டேன். கையுறை போட்டு, சன்னலைத் திறந்துவைத்து, மரக்குச்சியால் நெம்பி எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் போட்டுத் தனியாக வைத்தாயிற்று. இதைக் குப்பையில் வீசுவதோ, உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்ப்பதோ கூடாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம்.

கசிந்திருந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காரம். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைப் பொருக்காகும், செம்பைத் தொட்ட இடத்தில் பச்சை பூக்கும். காரத்துக்கு அமிலம்தான் மருந்து. ஃப்ரைடு ரைஸுக்கு வாங்கிய வெள்ளை வினிகரைக் காதுக் குச்சியில் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். நுரை வந்து நின்றபின் சுத்தமான தண்ணீர் ஒரு குச்சி, அதற்கப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு குச்சி. வினிகரை அப்படியே விட்டால் அதுவும் அரிக்கும். பச்சை போகாத இடத்தில் பென்சில் வடிவ கண்ணாடியிழைத் தூரிகையால் தேய்த்தேன். அந்தத் தூரிகையின் தூள் விரலில் ஏறினால் எடுக்க முடியாது. அதற்கும் கையுறைதான்.

குழி பளபளத்தது. புது பேட்டரி வைத்துப் பார்த்தால் முள் அசையவில்லை. தொடுப்பு சுத்தமான பிறகும் அசையாவிட்டால் பழுது இன்னும் மேலே இருக்கிறது. திறந்துதான் ஆகவேண்டும்.

திறப்பதற்கு முன் திருகு பற்றி ஒரு சொல். ஜப்பான் கேமராக்களில் உள்ளவை கூட்டல்குறித் தலை போலத் தெரிந்தாலும் நாம் ஹார்டுவேர் கடையில் வாங்குகிற பிலிப்ஸ் வகை அல்ல. ஜேஐஎஸ் என்ற ஜப்பான் அளவு. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் வழுக்கிக்கொண்டு தலையைச் சிரைத்துவிடும். சிரைத்த திருகை எடுப்பது இந்த முழு வேலையையும்விடப் பெரிய வேலை. ஜேஐஎஸ் முனையுள்ள சின்ன செட் ஒன்று வாங்கிவிடுவது நல்லது, இணையத்தில் கிடைக்கிறது.

பார்க்கும் கூண்டின் அடியில் நான்கு மூலையிலும் நான்கு திருகு. அவற்றை எடுத்தால் கூண்டு தனியாக வரும். கீழே தேய்த்த கண்ணாடி, அதற்கும் கீழே 45 பாகையில் சாய்ந்த ஆடி. அந்த ஆடியில் விரல் படக்கூடாது, துணியும் படக்கூடாது. வீட்டுக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்பக்கம் இருக்கும், இதில் முகப்பிலேயே இருக்கிறது. துடைத்தால் தூசியோடு பூச்சும் வரும். காற்றுக் குமிழால் ஊதுவதோடு நிறுத்திக்கொண்டு, வேலை முடியும்வரை ஒரு தாளை வெட்டி மேலே போர்த்திவைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்தேன். திருகுகளை வெள்ளைத் தாளில், கேமராவின் வரைபடம் போட்டு, எந்த மூலையில் வந்ததோ அந்த மூலையிலேயே டேப் ஒட்டி வைத்தேன்.

வயர் கண்ணில் பட்டதுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. பேட்டரிக் குழியிலிருந்து வரும் வயரின் உறை நன்றாகத்தான் இருந்தது. முனையில் சற்று உரித்துப் பார்த்தால் செம்பு கறுப்பு. கசிந்த காரம் உறைக்குள்ளேயே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறியிருந்தது. மல்டிமீட்டரில் தொடர்ச்சிக்கான பீப் ஒலி வரவில்லை, ஓம் அளவில் வைத்தால் எண் நிலைக்காமல் ஓடியது. இப்படிக் கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போகலாம், ஆனால் இதில் வெட்டிக்கொண்டே போனால் மறுமுனை வந்துவிடும். முழு வயரையும் மாற்றுவதே சரி.

வயரை மாற்றுவதற்கு முன், முள்ளும் உணரியும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். அவை செத்திருந்தால் வயர் போட்டு என்ன பயன்? முள்ளின் சுருள் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் வேலை செய்வது. அதில் நேராக பேட்டரியை வைத்தால் முள் ஒரே உதையில் மறுபக்கம் போய் மோதி வளையும், சுருளே கருகினாலும் கருகும். 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியோடு 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகப் போட்டால் 15 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகாது. அப்படி வைத்தேன். முள் கொஞ்சம் எழுந்தது. 47 கிலோ ஓமுக்கு மாற்றினேன், 32 மைக்ரோ ஆம்பியர் சுற்றளவில் இன்னும் எழுந்தது. ஆனால் ஓரிடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு தாவிற்று. பெருக்குக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது முள்ளின் பாதையில் ஒரு மயிரிழை. பழைய கறுப்பு ஸ்பாஞ்சின் துணுக்குகளும் பக்கத்தில். காற்றுக் குமிழ், ட்வீசர், பொறுமை. எண்ணெய் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒளிமானி முள்ளின் அச்சில் எண்ணெய் என்ற பேச்சே கூடாது.

உணரி காட்மியம் சல்பைடு. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும், இருட்டில் ஏறும். செலினியம் வகை ஒளிமானிகள் தாமே மின்சாரம் தரும், பேட்டரி வேண்டாம், ஆனால் மங்கலில் கைவிட்டுவிடும். காட்மியம் சல்பைடுக்கு பேட்டரி வேண்டும், மங்கலிலும் சொல்லும். கறுப்புத் துணி மூடினால் மீட்டரில் எண் மெகா ஓமுக்குப் போயிற்று. டார்ச் அடித்தால் ஆயிரங்களுக்கும் கீழே விழுந்தது. டார்ச்சை மெல்ல விலக்கினால் எண் மெல்ல ஏறிற்று, நடுவில் எங்கும் துள்ளவில்லை. உயிரோடு இருக்கிறது.

மிச்சம் அந்த ஒட்டும் தகடு. பெயரில் உள்ள 'ஜி' தங்கத்தைக் குறிக்கிறது, மின்தொடர்புகளுக்குத் தங்கமுலாம் என்று சொல்வார்கள். அதனால் இங்கே தூரிகையோ உப்புத்தாளோ போடவில்லை. விசிட்டிங் கார்டில் மெல்லிய கீற்று வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு தகடுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தி இழுத்தேன். கீற்றில் கறுப்புக் கோடு வந்தது. கோடு வராமல் போகும்வரை புதுக் கீற்று.

வயருக்காக கும்பகோணத்தில் டிவி மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போனேன். செல்போன் இயர்போன் வயர் போதுமா என்று கேட்டதற்கு அவர் தலையை ஆட்டினார். "அது ஒவ்வொரு இழையிலயும் வார்னிஷ் பூசியிருப்பான் தம்பி, ஈயம் புடிக்காது. இத எடுத்துக்க." பழைய டேப் ரெக்கார்டரின் ஹெட்டிலிருந்து வெட்டிய வயர். மெல்லிசு, வளையும், உறை உருகாது. சால்டரிங் அயர்னையும் அவர் கடையிலேயே கடன் வாங்கி, மாதாந்திர மின்வெட்டுக்கு முன்னால் ஒட்டி முடித்துக்கொண்டேன். சூட்டை நீட்டிவைத்தால் குழியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். முதலில் வயர் முனைக்கும் தகட்டுக்கும் தனித்தனியே ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தொடு தொட்டு எடுத்துவிட வேண்டும்.

எல்ஆர்44 என்ற சின்ன ஆல்கலைன் பேட்டரியைச் சுற்றி அலுமினியத் தாளைச் சுருட்டிக் குழியில் வைத்து, கேமராவின் மேல்மூடியைத் திறந்தேன். முள் எழுந்தது. கடை வாசலுக்குக் கொண்டுபோய்த் தெருவைக் காட்டினேன், இன்னும் எழுந்தது. கையால் மறைத்தேன், விழுந்தது. அண்ணன் முகத்தில் திருப்தி. "வேலை முடிஞ்சுது. அம்பது வருசத்துச் சாமான், பாரு."

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பழுதுபார்ப்புக் காணொளிகளும் இதே இடத்தில் முடிந்துவிடுகின்றன. என் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. முள் அசைவது வேறு, அது சொல்லும் அளவு சரியாக இருப்பது வேறு. என் டிஜிட்டல் கேமராவை அதே தெருவுக்குக் காட்டினால் அது ஒன்று சொல்லிற்று, யாஷிகா வேறொன்று சொல்லிற்று. வெளிச்சத்துக்கு ஏற்ப, பாதி படியிலிருந்து ஒரு படி வரை வித்தியாசம். எல்லா இடத்திலும் யாஷிகா "இங்கே வெளிச்சம் அதிகம்" என்றுதான் சொல்லிற்று. அதை நம்பி எடுத்தால் படம் இருண்டு போகும். நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்த வெளிச்சத்தைப் பொறுக்காது. நிழலில் விழாத விவரத்தைப் பிறகு எந்த ரசாயனத்தாலும் வரவழைக்க முடியாது.

காரணம் பேட்டரி. இந்தக் கேமராவுக்கு உரியது பிஎக்ஸ்625 என்ற பாதரச பேட்டரி. 1.35 வோல்ட், தீரும்வரை கிட்டத்தட்ட அதே 1.35. அந்த நிலைத்த தன்மையை நம்பித்தான் அக்கால ஒளிமானிகளில் பலவற்றில் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் சுற்றே இல்லை. பேட்டரி, உணரி, சுருள், அவ்வளவுதான். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற சில கேமராக்களில் பாலச் சுற்று உண்டு. அதில் முள் நடுவுக்கு வரும்போது சுருளில் மின்னோட்டமே இருக்காது, ஆகவே எத்தனை வோல்ட் என்பது பொருட்டில்லை. யாஷிகாவில் அந்த வசதி இல்லை. வோல்ட் கூடினால் முள்ளும் கூடுதலாக ஏறும்.

பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரிகள் நின்றுபோயின. அமெரிக்காவில் 1996இல் சட்டம் வந்தது, ஐரோப்பாவில் 1998இல் உத்தரவு, 2013இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை. நிறுத்தியது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே அளவில் இப்போது கிடைக்கும் ஆல்கலைன் 625, 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே வரும். இன்றைக்கு ஒரு பிழை, அடுத்த மாதம் வேறொரு பிழை. நிலையான பிழையாக இருந்தாலாவது கழித்துக்கொள்ளலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு முதலில் 1.35க்கு அருகில் ஒன்று வேண்டியிருந்தது. அது காது கேட்கும் கருவிக் கடையில் இருக்கிறது. 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி, நீலப் பட்டை ஒட்டியது, 1.4 வோல்ட். தஞ்சாவூரில் அப்படி ஒரு கடையில் கேட்டபோது, "யாருக்குங்க, அப்பாவுக்கா?" என்றார் அந்தப் பெண். "இல்லைங்க, கேமராவுக்கு" என்றதும் என்னை ஒருமாதிரி பார்த்தார். பட்டையை உரித்துச் சில நிமிடம் காற்றுப்பட வைத்தபின்தான் அது முழு மின்னழுத்தத்துக்கு வரும். 675இன் விட்டம் 11.6 மில்லிமீட்டர், பழைய 625 ஏறக்குறைய 15.6. இடைவெளிக்குக் குழாய்க்கடையில் கிடைக்கும் ரப்பர் வளையம் பொருந்திற்று. அதோடு வைத்துப் பார்த்தால் முள் இறங்கி, டிஜிட்டல் கேமரா சொல்வதற்கு நன்றாகவே நெருங்கி வந்தது.

அப்படியே விட்டுவிடலாமே என்றால், விடலாம். ஆனால் பட்டையை உரித்த நாளிலிருந்து, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், அந்த பேட்டரி தேய்ந்துகொண்டே போகும். காற்றில் உள்ள ஈரமும் அதைப் பாதிக்கும், ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன குறைச்சல்? எப்போதாவது எடுக்கிற எனக்கு அது ஒத்துவராது.

வெள்ளி ஆக்சைடு பேட்டரி, எஸ்ஆர்44, 1.55 வோல்ட். பாதரசம்போலவே தீரும்வரை சமமாக நிற்கும். 0.2 வோல்ட்டை மட்டும் வழியில் இறக்கிவிட்டால் 1.35 வந்துவிடும். அதற்கு ஒரு ஷாட்கி டையோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரே திசையில் விட்டு, வழியில் கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும் சின்ன உறுப்பு. சாதாரண சிலிக்கான் டையோடு இந்தச் சின்ன மின்னோட்டத்திலேயே அரை வோல்ட் தின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பலகையில் கிடைக்கும் தடித்த ஷாட்கியோ மிகக் குறைவாக இறக்கும். பிஏடி85 போன்ற சின்ன சிக்னல் வகைதான் இங்கே பொருந்தும். வயரைத்தான் ஏற்கெனவே மாற்றிவிட்டோமே, அதே வயரின் நடுவில் வெட்டி டையோடைச் செருகி, சுருக்குக் குழாய் போட்டு மூடினேன். உடலில் உள்ள கோடு மின்னோட்டம் போகும் திசையில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதுவும் கெடாது, முள் எழாது, அவ்வளவே.

ஒரு நுணுக்கம். டையோடு எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு இறக்காது. மின்னோட்டம் பத்தில் ஒன்றானால் இறக்கம் சுமார் 60 மில்லிவோல்ட் குறையும். ஆகவே மங்கலில் முள்ளுக்குக் கிடைப்பது 1.35 இல்லை, சற்று அதிகம். டையோடைத் தாண்டி வயரின் மறுமுனையில் 675ஐ வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில், வெயிலில் இரண்டும் ஒன்று, இருட்டில் முள்ளின் தடிப்பளவு வித்தியாசம். அதை நான் விட்டுவிட்டேன்.

எஸ்ஆர்44 வாங்கப் போனபோது வாட்ச் கடைக்காரர் எல்ஆர்44 ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ரெண்டும் ஒரே சைஸுதான் தம்பி. போட்டா ஓடும்."

"ஓடும்ணே. எனக்கு வோல்ட் மாறாம இருக்கணும். எஸ்ஆர் போட்டதே குடுங்க."

"அது வெலை கூடவாச்சே" என்றபடி உள்டிராயரைத் திறந்தார். வாட்ச்சுக்கு எது போட்டாலும் ஓடும் என்று அவர் சொல்வதில் தப்பில்லை. பேட்டரியின் முதுகில் பொறித்த எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அளவு சரிபார்க்க மாமா வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. பழைய ஓட்டு வீடு. முற்றத்தில் நேர் வெயில், தாழ்வாரத்தில் திறந்த நிழல், கூடத்தில் பாதி வெளிச்சம், ரேழியில் பகலிலும் இருட்டு. வெளிச்சம் படிப்படியாக இறங்குவதற்கென்றே கட்டியதுபோல இருக்கிறது. சாம்பல் நிற அட்டை ஒன்றை ஒவ்வோர் இடத்திலும் சுவரில் சாய்த்து, டிஜிட்டல் கேமராவில் 100 வேகத்தில் ஓர் அளவு, யாஷிகாவில் ஓர் அளவு. மாமாவும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூடவே வந்து, முள்ளைப் பார்க்காமல் தன் அளவைச் சொன்னார்.

முற்றத்தில் மூன்றும் ஒன்று: 1/125, எஃப் 16. "படம் எடுக்கிறது மூஞ்சின்னா பதினொண்ணு" என்று சேர்த்துக்கொண்டார். தாழ்வாரத்தில் அவர், "முப்பதுல நாலு." டிஜிட்டலும் அதையே சொல்லிற்று. யாஷிகா முள் ஒரு மயிரளவு மேலே. கூடத்தில் அவருடைய ஊகம் ஒரு படி தள்ளிற்று, யாஷிகா அரைப் படி. ரேழியில் கேட்டதற்கு, "ஃபிளாஷ் போடு மாப்ளே, இங்க எவன் அளவு பாப்பான்" என்றார்.

கூடத்து அரைப் படிக்கு உணரியின் வயதும் ஒரு காரணமாக இருக்கலாம், டையோடும் கொஞ்சம் பங்கு வகிக்கும். உள்ளே கைவைத்துத் திருத்த எனக்கு மனமில்லை. ஃபிலிம் வேகத்தைக் குறிக்கும் ஏஎஸ்ஏ சக்கரம் 25 முதல் 400 வரை இருக்கிறது. 400 வேக ஃபிலிம் போட்டு, மங்கலான இடத்தில் மட்டும் சக்கரத்தை 280க்கு அருகில் வைத்துக்கொண்டால் போதும். முற்றத்து வெயிலில் பிழை இல்லை என்பதால் அங்கே 400.

காட்மியம் சல்பைடுக்கு இன்னொரு குணம் உண்டு. பட்ட வெளிச்சத்தை உடனே மறக்காது. வெயிலில் திறந்து வைத்திருந்த கேமராவை நேராக ரேழிக்குக் கொண்டுவந்தால் முள் கொஞ்ச நேரம் பொய்யான உயரத்தில் நின்று, தயங்கித் தயங்கி இறங்கும். அதனால் இடம் மாறும்போது மூடியை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். அதோடு இந்த ஒளியுணரி லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, முகப்பில் இருந்து தனக்கு எதிரே உள்ளதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறது. வானம் கொஞ்சம் பட்டாலும் முள் ஏறிவிடும். கேமராவைத் தரைப் பக்கம் சாய்த்து அளந்துவிட்டு, நிமிர்த்தி எடுப்பதே வழி. வயல்வெளியில் என்றால் நடவு முடிந்து பச்சை கட்டிய பயிரைப் பார்த்து அளந்தாலே போதும், அந்தப் பச்சை ஏறக்குறைய சாம்பல் அட்டைக்குச் சமமான வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது.

முதல் ரோல் தாராசுரத்தில். தொல்லியல் துறைக் கோயில்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும், ஆகவே கையில்தான். கழுத்துப் பட்டையை இறுக்கி, கேமராவை வயிற்றோடு அழுத்திக்கொண்டால் 1/30 வரை நடுக்கம் தெரியாது. தேர்ச்சக்கரமும் குதிரையும் உள்ள பக்கத்தில் வெயில், தூண்களுக்கு உள்ளே நிழல். நிழலுக்குள் போய், தூணுக்கு அருகில் பிடித்து அளந்தேன். முள் 1/60, எஃப் 4 என்றது. மாமாவின் கணக்கில் நான் அங்கே 5.6 வைத்திருப்பேன்.

கழுவும்போது ஒரு சங்கடம், நம் ஊர்க் குழாய்த் தண்ணீர். டெவலப்பர் டப்பாவில் 20 பாகைக்கு நேரம் போட்டிருப்பான், தொட்டித் தண்ணீர் 30க்கு மேல். பனிக்கட்டிப் பையை வாளியில் மிதக்கவிட்டு 24க்குக் கொண்டுவந்து, நேரத்தை அதற்கேற்பக் குறைத்துக் கழுவினேன். 12 சதுரமும் அடர்த்தியில் ஒத்து வந்தன. நிழல் பக்கத் தூணில் நாட்டியச் சிற்பத்தின் விரல்கள் வரை தெரிகின்றன. வெயில் பட்ட சக்கரம் கொஞ்சம் அதிகமாக வெளுத்திருக்கிறது, அதைப் பிரிண்ட் போடும்போது அடக்கிக்கொள்ளலாம்.

இன்னும் பாக்கி வேலை உண்டு. பார்க்கும் லென்ஸில் பூஞ்சை கோலம் போட்டிருக்கிறது. படத்தில் விழாது என்பதால் அவசரமில்லை, ஆனாலும் கீழ் லென்ஸுக்குத் தாவும் முன் எடுக்க வேண்டும். கேமராவை இப்போது பீரோவில் வைப்பதில்லை. காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு வைக்கிறேன். பேட்டரியைக் கழற்றித் தனியாக.

பேட்டரி மூடியின் உள்பக்கத்தில் சின்னத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "எஸ்ஆர்44 மட்டும். உள்ளே டையோடு இருக்கிறது." எனக்குப் பிறகு யாராவது இந்தக் கேமராவை எடுத்து, இணையத்தில் படித்துவிட்டு 675ஐ வைத்தால், முள்ளுக்கு 1.2 வோல்ட்தான் போய்ச் சேரும். எல்லாப் படமும் அரைப் படிக்கு மேல் கூடுதலாக வெளிச்சம் வாங்கிவிடும்.